இழப்பு: ஏதுமில்லை

எங்கள் வீட்டு மானம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வழியாகப் போனது. மறைமலை நகரில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் செம்பாக்கம் வந்து சேர்ந்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. எடுத்ததும் ஒரு அம்மாள், "நீதான் பொண்ணா?" என்றார். ஆமாம் என்றேன்.

"படிச்ச பொண்ணுன்னு பயோடேட்டால போட்டிருக்கு. இப்படி எழுதத்தான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா? என் பையன் ஆபீஸ்ல உக்காந்து உன் மெயிலைத் தொறந்திருக்கான், பக்கத்துல நாலு பேரு இருக்கறப்ப. ச்சீ!"

போனை வைத்துவிட்டார். நான் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. அந்தப் பையனைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. பார்த்தவரைக்கும் எழுதும்படி ஒன்றும் இல்லை.

இது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்தது. எனக்கு முப்பத்தொன்று. அம்மா இல்லாத வீடு, நானும் அப்பாவும் மட்டும். அப்பா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரே உத்தியோகம், எனக்கு மாப்பிள்ளை தேடுவது. காலை ஒன்பது மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டு, ரெக்ஸின் பையில் என் ஜாதகத்தையும் பயோடேட்டாவையும் கத்தையாக ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, டியூட்டிக்குப் போகிறவர் மாதிரியே கிளம்புவார். தரகர்கள், திருமணத் தகவல் மையம், கோயில் அறிவிப்புப் பலகை, எதையும் விட மாட்டார். ஈமெயில் ஐடி இருந்தால்தான் வெளிநாட்டு வரன் வரும் என்று யாரோ சொல்ல, என்னுடைய ஐடியையும் பயோடேட்டாவில் சேர்த்தார். நான் வேலைக்குப் போகும் நாட்களில் பதில் வந்தால் பார்க்க வேண்டுமே என்று பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கேம்ப் ரோடு பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு சனிக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் கட்டத்தில் ஐடி, இந்தக் கட்டத்தில் பாஸ்வேர்டு, பிறகு இதைத் தட்டுங்கள், கடிதங்கள் வரும். பதில் எழுதவெல்லாம் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒரே விரலால் தட்டித் தட்டி, இரண்டு வாரத்தில் பழகிவிட்டார்.

போன் வந்த மறுநாள், சனிக்கிழமை காலை, நான் முதல் ஆளாக பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தேன். தவறு என்றது. ஏழெட்டு முறை அடித்தபின்தான் பயம் வந்தது. அந்த அம்மாள் திட்டியதற்காக இல்லை. மாப்பிள்ளை போனால் போகிறான், ஊரில் அவன் ஒருத்தனா? என் அண்ணன் அந்த மெயில் பெட்டிக்குள் இருந்தான்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு வருடங்களுக்கு முன் வேறு மதத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் வடக்கே போய்விட்டான். அன்றைக்கு அப்பா கிணற்றடியில் நின்று பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "தலைமுழுகியாச்சு. இனிமே இந்த வீட்ல அவன் பேர் எடுக்கக் கூடாது" என்றார். நானும் எடுக்கவில்லை. நாங்கள் மேற்குத் தாம்பரம் வாடகை வீட்டை விட்டு செம்பாக்கத்துக்கு மாறினபோது அவனுக்குப் புது முகவரியையோ போன் நம்பரையோ நான் தரவில்லை. அப்பா கையில் கடிதம் கிடைத்தால், அப்பா போனை எடுத்தால் என்ன ஆகும் என்று பயம். ஈமெயில் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். பெரிய புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவன் கட்டட வேலையில் சைட் சூப்பர்வைசர். ஒரு சைட் முடிந்தால் அடுத்த ஊர். நிலையான முகவரி கிடையாது, செல்போனும் அப்போது அவன் கையில் இல்லை. ஒரு பெண் பெயரில் மெயில் ஐடி ஆரம்பித்து அதிலிருந்து எழுதுவான். அப்பா கண்ணில் பட்டாலும் என்னோடு படித்தவள் என்று நினைத்துக்கொள்வார் என்பது எங்கள் ஏற்பாடு. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவான். சின்ன வயதிலிருந்து அவன் மட்டும் என்னை 'குட்டிச்சாத்தான்' என்று கூப்பிடுவான். ஒவ்வொரு கடிதமும் அதில்தான் தொடங்கும். படித்து முடித்ததும் அதை 'ஆபீஸ்' என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள் தள்ளிவிடுவேன். சில வாரம் அவன் புதுக் கடிதம் தடித்த எழுத்தில் இல்லாமல், ஏற்கெனவே திறந்தது போல மெல்லிய எழுத்தில் இருக்கும். அந்த சென்டர் கம்ப்யூட்டர்களின் லட்சணம் தெரியும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக அவன் எழுதியது இரண்டு வாரம் முன்பு. அண்ணிக்கு நாள் நெருங்கிவிட்டது, அடுத்த மாத ஆரம்பம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த சைட்டும் முடிகிறது. குழந்தை பிறந்ததும் என்ன குழந்தை, எந்த ஊருக்குப் போகிறோம், எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். அவ்வளவுதான் கடிதம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவனுடைய மெயில் ஐடி எனக்குத் தெரியாது. ஐந்து வருடம் அந்த ஐடிக்குத்தான் எழுதினேன், ஆனாலும் தெரியாது. முதல் இரண்டு எழுத்தை அடித்தால் மீதி தானாக வந்து நிற்கும். அந்தப் பெண் பெயர் நினைவிருந்தது. பின்னால் ஒரு புள்ளி, சில எண்கள். எழுபத்து மூன்றா, முப்பத்து ஏழா? புது ஐடி ஒன்று தொடங்கி, தோன்றிய எண்ணையெல்லாம் போட்டு இருபது கடிதம் அனுப்பினேன். பாதி திரும்பி வந்தது. முகம் தெரியாத ஒரு பெண், "மன்னிக்கவும், நீங்கள் தேடும் சகோதரர் நான் இல்லை" என்று மரியாதையாகப் பதில் போட்டிருந்தாள். அதைப் படித்து பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அந்த மெயில் கம்பெனிக்கும் எழுதினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. உங்கள் புகாரைப் பதிவு செய்ய முதலில் உங்கள் கணக்குக்குள் நுழையவும் என்றது. வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்றால், உள்ளே போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்து சொல் என்கிறார்கள்.

அதற்குள் இன்னும் மூன்று வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. என் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் எவனோ அசிங்கமாக எழுதி அனுப்பியிருந்தான். எல்லோருக்கும் என்றால் அண்ணனுக்கும்தான். தங்கை ஐடியிலிருந்து அப்படி ஒரு கடிதம் போனால் அவன் என்ன நினைப்பான்? அப்பா கண்டுபிடித்துவிட்டார், வேண்டுமென்றே ஆளை வைத்து எழுதவைத்திருக்கிறார் என்றுதான் நினைப்பான். அவன் ரோஷக்காரன். அந்த ரோஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

ரோஷத்தின் மூலவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "போலீஸ்ல எழுதிக் குடுத்துருவோம்" என்றார். "சீல் வச்ச பேப்பர் ஒண்ணு வாங்கிட்டா, ஜெராக்ஸ் எடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பிடலாம். நம்ம பொண்ணு எழுதலன்னு தெரியணும் இல்ல." எனக்கு அந்தப் பேப்பர் வேண்டாம், பெட்டி வேண்டும். ஆனால் எதற்கு என்று அவரிடம் சொல்ல முடியாது. சரி என்றேன்.

ஃபுல்ஸ்கேப் தாளில் மடித்து மார்ஜின் விட்டு, அனுப்புநர், பெறுநர் போட்டு, அப்பா அச்சடித்தது போல மனு எழுதினார். இருவருமாகக் காவல் நிலையம் போனோம். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை ரைட்டர் என்பார்கள். அவர் மனுவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், மெயில் காணாப் போச்சா? எங்க வச்சிருந்தீங்க, வூட்டுலயா?"

"பிரவுசிங் சென்டர்ல பார்ப்போம் சார். கேம்ப் ரோடு பக்கம்" என்றேன்.

"ரோட்டுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?"

"அந்தாண்ட."

"அப்ப அது நம்ம லிமிட் இல்லம்மா. அந்த ஸ்டேஷனுக்குப் போங்க."

போனோம். அந்த ஸ்டேஷனில், புகார் தருகிறவர் வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தர வேண்டும் என்றார்கள். திரும்பி வந்தோம். நம்ம ரைட்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனால், "குற்றம் எங்க நடந்துச்சுன்னு தெரியணும் இல்ல. கம்ப்யூட்டர் கம்பெனி எங்க கீது?" என்றார். அமெரிக்காவில் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அமெரிக்காவும் ரோட்டுக்கு அந்தாண்டைதான் என்று புரிந்தது. கடைசியில், இதற்கென்று சிட்டியில் தனிப் பிரிவு இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. முந்தின நாள் செயின் அறுத்த கேஸில் ஒரு அம்மாள் கழுத்தில் கட்டுடன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நான் போய், பெட்டி திறக்கவில்லை என்று சொன்னால் யாருக்குத்தான் பெரிதாகத் தெரியும்?

மின்சார ரயில் பிடித்து சிட்டிக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி என்னைவிட வயதில் சின்னவர். மரியாதையாக உட்காரவைத்து, நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஒரு வாரமாக அலைந்ததில் முழுதாகக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். அதனாலேயே அவர் சொன்னது கூடுதலாக வலித்தது.

"மேடம், உங்ககிட்ட உண்மையச் சொல்லிடறேன். லோக்கல் ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர். வாங்கிட்டு வாங்க, அதை வச்சு நாங்க அந்தக் கம்பெனிக்கு எழுதறோம். ஆனா வெடிகுண்டு மிரட்டல், கொலைன்னா உடனே பதில் வரும். இந்த மாதிரி கேஸுக்குப் பல மாசம் ஆகும். வராமலும் போகலாம்."

"பழைய கடிதமெல்லாம் இருக்குமா சார்?"

"உள்ள பூந்தவன் அழிச்சிருந்தா இருக்காது."

"இனிமே வர்ற கடிதம்?"

"அதுவும் அவனுக்குத்தான் போகும் மேடம்."

என் அண்ணன் குழந்தை பிறந்த சேதி எவனோ ஒரு பொறுக்கி கையில் போய்ச் சேரும். படித்துச் சிரிப்பான், அழிப்பான். என்னால் ஒரு மண்ணும் செய்ய முடியாது. கையாலாகாத்தனம் என்பதை அதுவரை வெறும் திட்டுச் சொல்லாகத்தான் கேட்டிருந்தேன். அன்றைக்கு என் இரண்டு கையும் மடியில் கிடந்தன, எனக்குச் சம்பந்தமே இல்லாதவை போல.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "அழிச்சதத் திரும்ப எடுக்க வழியே இல்லயா தம்பி?" என்று கேட்டார். அதிகாரி இல்லை என்றார். இந்த மனுஷருக்கு இப்போதும் வரன் கவலைதான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ரயிலில் திரும்பும்போது அவருக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுபடி ரைட்டர். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது. வழக்குப் பதிவு இல்லை, அத்தாட்சி மட்டும். சிட்டியில் கேட்டார்கள் என்றதும், "குடுத்துடலாம்" என்று ரிஜிஸ்டரைப் பிரித்தார். "அந்த மெயில் அட்ரஸ் கரெக்டா எழுதணும். எதுலயாச்சும் பிரிண்ட் ஆகி கீதா?" என்றார். அப்பா ரெக்ஸின் பையைத் திறந்து ஒரு பயோடேட்டாவை நீட்டினார்.

ரைட்டர் படித்துக்கொண்டே வந்தவர் நின்றார். மூக்குக் கண்ணாடியை இறக்கி மறுபடி படித்தார்.

"இன்னா சார் இது? ஈமெயில் போட்டு, கீழயே பாஸ்வேர்டும் போட்டு கீதே?"

பிடுங்கிப் பார்த்தேன். நட்சத்திரம், ராசி, கோத்திரம், உயரம், போன். அதன் கீழே ஈமெயில். அதன் கீழே, அப்பாவின் அச்சடித்தது போன்ற கையெழுத்தில், பாஸ்வேர்டு. அம்மாவின் பெயரும் பழைய வீட்டு எண்ணும்.

"எத்தினி பேருக்குக் குடுத்தீங்க சார் இத?"

"அறுபது, எழுபது இருக்கும்" என்றார் அப்பா. அவருக்கு இன்னும் புரியவில்லை. "ரெண்டும் போட்டாத்தானே சார் அது தொறக்கும்? சென்டர்ல ரெண்டு கட்டம் இருக்கு, ரெண்டையும் அடிச்சாத்தான் உள்ள விடுது. எஸ்.டி.டி. கோடு போடாம வெறும் போன் நம்பர் குடுத்தா வெளியூர்க்காரன் எப்படிப் பேசுவான்? அதான் பாதி அட்ரஸ் குடுக்க வேணாம்னு முழுசாப் போட்டேன்."

ரைட்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சார், வூட்டு அட்ரஸோட சாவியும் சேத்துக் குடுத்துகீறீங்க" என்று மெதுவாகச் சொன்னார். அப்பாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன். தண்டவாளத்தில் ஒரு நட்டு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்குச் சொன்ன மனுஷர். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம் என்று புரிந்ததும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ரைட்டர் எழுத ஆரம்பித்தார். "இழப்பு இன்னான்னு போடறது? நகை, பணம், முக்கியமான டாக்குமெண்ட், எதுனா போச்சா?"

அப்பா பக்கத்தில் இருந்தார். அண்ணன் பேரை எப்படிச் சொல்வேன்? "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். ரைட்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பஸ் ஸ்டாப்பில் நின்றதும் கொட்டித் தீர்த்துவிட்டேன். பெற்ற அப்பாவிடம் பேசக் கூடாததெல்லாம் பேசினேன். ஊரெல்லாம் என் பேரை நாறடித்தீர்கள், கேட்காமல் எதையும் செய்யாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னேன், இந்தக் கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். அப்பா ரெக்ஸின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மூச்சு வாங்கி நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"இந்நேரம் பொறந்திருக்கும் இல்ல?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "என்னது?"

"மாச ஆரம்பம்னு டாக்டர் சொன்னதா எழுதியிருந்தானே. இன்னைக்கு எட்டாம் தேதி ஆயிடுச்சு."

கேம்ப் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "குட்டிச்சாத்தான்னு வேற எவன் உன்ன எழுதுவான்? மொதல் கடுதாசிலயே தெரிஞ்சுபோச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். செவ்வாக்கெழமை கூட்டம் இருக்காது, அன்னைக்குப் போவேன். நீ ஒளிச்சு வைக்கற எடமும் தெரியும்."

அந்த மெல்லிய எழுத்துக் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. கம்ப்யூட்டரின் மேல் பழி போட்டவை.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"தலைமுழுகினவன் நான்தானே. எப்படிச் சொல்றது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒரே ஒரு நம்பிக்கை எஞ்சியிருந்தது. சின்னச் சின்ன விஷயத்தையும் டைரியில் குறித்துவைக்கிற மனுஷர். ரேஷன் கார்டு எண்ணை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வார்.

"அவன் ஐடிய எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களாப்பா?"

"டைரில எழுதினேன். நீ பாத்துட்டா அசிங்கமாப் போயிடுமேன்னு அன்னைக்கே கிழிச்சுப் போட்டேன்." பிறகு, கெஞ்சுவது போல என்னைப் பார்த்தார். "நீ எழுதி வச்சிருப்பேன்னு நெனச்சேன். வச்சிருக்க இல்ல?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று.

எங்கள் பஸ் வந்தது, நின்றது, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை. அப்பா என் கையிலிருந்த ரசீதை வாங்கிப் பிரித்து, எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே போனார். 'இழப்பு: ஏதுமில்லை' என்ற இடத்தில் விரல் நின்றது.

"திரும்பப் போய் இத மாத்தி எழுதச் சொல்லலாமாம்மா?" என்றார்.

"என்னன்னுப்பா எழுதச் சொல்றது?"

அப்பா வாயைத் திறந்தார். ஆறு வருடமாகச் சொல்லாத பேரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உதடு மட்டும் அசைந்தது. ரசீதை நாலாக மடித்து, மிச்சமிருந்த பயோடேட்டாக்களுக்கு நடுவே பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.